செட்டில்மெண்ட்: முன்பணக் கணக்கும் விண்குடியிருப்பும்

வெளியூர்ப் பயணத்துக்கு மனுப் போட்டதும் கணக்குப் பிரிவில் கேட்கும் முதல் கேள்வி, "பழைய அட்வான்ஸை செட்டில் பண்ணிட்டீங்களா?" பத்திரப்பதிவு அலுவலக வாசலில் ஆவண எழுத்தர் கேட்பது, "உயிலா, செட்டில்மெண்டா?" அறிவியல் கட்டுரைகளிலோ நிலவில் செட்டில்மெண்ட், செவ்வாயில் செட்டில்மெண்ட். சொல் ஒன்று, வேலை மூன்று. இதற்கு ஒரே ஒரு தமிழ்ச் சொல்லைத் தேடினால் கிடைக்காது, தேடவும் வேண்டாம். ஒரு விவகாரம் முடிகிறதா, ஓரிடத்தில் ஆட்கள் நிலைக்கிறார்களா என்று பார்த்தால் போதும். முடிவதற்குத் தமிழில் ஒரு சொற்குடும்பம் உண்டு, நிலைப்பதற்கு வேறொன்று உண்டு.

பிறப்பு

பழைய ஆங்கிலத்தில் "செட்ல்" என்றால் இருக்கை. அதிலிருந்து, ஓரிடத்தில் அசையாமல் இருத்துவது என்ற வினை வந்தது. உட்காருவதைக் குறிக்கும் "சிட்", இலத்தீனின் "செடேரே", வடமொழியின் "சத்" எல்லாம் ஒரே வேரின் கிளைகள். உபநிஷத் என்ற பெயருக்குள் இருப்பதும் அந்த அமர்தல்தான்.

கணக்குத் தீர்ப்பது, வழக்கை முடிப்பது என்ற பொருள் இந்த வேரிலிருந்து மட்டும் வந்ததாகத் தெரியவில்லை. இடைக்கால ஆங்கிலத்தில் "சாட்லென்" என்றொரு வினை தனியாக இருந்தது. பிணங்கியவர்களை இணங்கச் செய்வது அதன் பொருள். ஒலி நெருக்கத்தால் அது "செட்ல்" என்ற வினையோடு கலந்து, தன் பொருளையும் அதில் ஏற்றியிருக்க வேண்டும் என்பது சொற்பிறப்பியலாளர் கருத்து. ஆக, அமர்வதும் இணங்குவதும் ஆங்கிலத்தில் ஒரே சொல்லுக்குள் அடைந்தன. தமிழில் அப்படி எதுவும் நடக்கவில்லை. தீர், முடி, நேர் ஒரு பக்கம்; இரு, குடி, அமர், நிலை இன்னொரு பக்கம். இந்தப் பிரிவைக் காப்பாற்றிக்கொண்டாலே மொழிபெயர்ப்பில் பாதிச் சிக்கல் தீரும்.

அலுவலகத்தில்: நேர்செய்தல், தீர்த்தல், பைசல்

செட்டில் வருவதற்கு முன்னும் தமிழர்கள் கணக்கு முடித்துக்கொண்டுதான் இருந்தார்கள். கடைத்தெருவில் அதற்குப் பெயர் பைசல். அரபியிலிருந்து உருது வழியாக வந்த சொல். தீர்ப்பு, முடிவு என்பது பொருள். "பாக்கியைப் பைசல் பண்ணு" என்று பெரியவர்கள் இன்றும் சொல்வதுண்டு. தமிழ்நாட்டு அலுவலகக் கோப்புகளில் முன்பணத்தை நேர்செய்வார்கள், சில இடங்களில் சரிக்கட்டுவார்கள். இலங்கையில் அது முற்பணம், அதைத் தீர்ப்பார்கள். அங்கத்திய கணக்காய்வு அறிக்கைகளில் "தீர்க்கப்படாத முற்பணங்கள்" என்ற தொடர் அடிக்கடி வரும். இவை எல்லாமே நல்ல சொற்கள்.

எது நடந்தால் முன்பணம் நேரானதாகக் கொள்வது? 20,000 ரூபாய் வாங்கிக்கொண்டு போய் 17,450 செலவானால், மீதி 2,550 ரூபாயைச் செலுத்தி, அந்த ரசீது எண்ணைப் பயணப்படிப் பட்டியலில் எழுத வேண்டும். 21,300 செலவாகியிருந்தால் 1,300 ரூபாய் உங்களுக்கு வர வேண்டும். இரண்டு வகையிலும் உங்கள் பெயருக்கு நேரே நிற்கும் பாக்கி சுழியம் ஆகும்போதுதான் கணக்கு தீர்கிறது. பட்டியலைக் கொடுத்துவிட்டதாலேயே தீர்ந்துவிடாது. பலர் சறுக்குவது இங்கேதான்: பட்டியலைக் கொடுத்துவிட்டு மீதியைக் கட்ட மறந்துவிடுவார்கள்; ஆறு மாதம் கழித்து அடுத்த பயணத்துக்குக் கேட்கும்போது பழைய பாக்கி எழுந்து நிற்கும்.

மத்திய அரசு அலுவலகங்களில் விதி இது: பயணம் முடிந்து 15 நாளுக்குள் முன்பணத்துக்குக் கணக்குக் கொடுக்க வேண்டும், முதல் முன்பணத்துக்குக் கணக்கு வராமல் இரண்டாவது முன்பணம் கிடையாது. 2018 முதல், பயணம் முடிந்து 60 நாளுக்குள் கேட்காவிட்டால் பயணப்படி பெறும் உரிமையே போய்விடும். அதற்கு முன் ஓராண்டு அவகாசம் இருந்தது. தனியார் நிறுவனங்களில் நாள் கணக்கு மாறும், முறை ஏறக்குறைய இதேதான். அதனால்தான் புறப்படுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலைகளில் முதல் வேலை புதிய பயணச்சீட்டு அன்று, பழைய பாக்கி.

சீட்டுகளிலும் கவனம் வேண்டும். பெட்ரோல் நிலையத்திலும் உணவகத்திலும் தரும் வழவழப்பான ரசீது வெப்பத்தால் அச்சாவது. வெயிலிலோ பர்ஸிலோ கிடந்தால் சில வாரங்களில் வெளுத்து வெற்றுத்தாள் ஆகிவிடும். அன்றன்றே படம் எடுத்து, நகலெடுத்து, நகலை மூலத்தோடு சேர்த்துக் குத்துங்கள். விமானப் பயணச்சீட்டு வேறு, ஜிஎஸ்டி விலைப்பட்டியல் வேறு: பதிவு செய்யும்போதே நிறுவனத்தின் ஜிஎஸ்டி எண்ணைக் கொடுத்தால்தான் விலைப்பட்டியல் நிறுவனத்தின் பெயரில் வரும், அதையும் விமான நிறுவனத்தின் தளத்தில் தனியாக இறக்கிக்கொள்ள வேண்டும். ஹோட்டலில் இன்னொரு சிக்கல். தங்கும் சேவைக்கு வரி விதிக்கும் இடம் ஹோட்டல் இருக்கும் மாநிலம். சென்னையில் மட்டும் பதிவு பெற்ற நிறுவனத்தின் ஊழியர் டில்லியில் தங்கினால், பட்டியலில் நிறுவனத்தின் எண் சரியாக இருந்தாலும் அந்த வரியைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது. இது ஊழியரின் தவறு ஆகாது. சட்டத்தின் அமைப்பே அப்படி. இதைக் காரணம் காட்டிப் பட்டியலைத் திருப்பி அனுப்புவது முறையல்ல.

கையில் சில்லறைச் செலவுப் பணம் வைத்திருப்பவர் புறப்படுமுன் அதை எண்ணி, சீட்டுகளோடு கூட்டிப் பார்த்து, பொறுப்பேற்பவரிடம் கையொப்பம் வாங்க வேண்டும். பணமும் சீட்டும் சேர்ந்து ஒதுக்கிய தொகைக்குச் சமமாக இருக்க வேண்டும். இது தீர்த்தல் ஆகாது. கணக்கு முடியவில்லை, கை மாறுகிறது, அவ்வளவுதான். இதற்குச் சரியான சொல் ஒப்படைப்பு, இலங்கையில் கையளிப்பு.

வேலையை விட்டுப் போகும்போது வரும் "ஃபைனல் செட்டில்மெண்ட்" இறுதிக் கணக்கு. பங்குச் சந்தையில் வாங்கிய பங்கும் கொடுத்த பணமும் கைமாறி முடிவது தீர்வு; இந்தியாவில் 2023 ஜனவரி 27 முதல் எல்லாப் பங்குகளுக்கும் வணிகம் நடந்த மறுவேலைநாளில் தீர்வு ஆகிறது. தொழிற்சங்கத்தில் செட்டில்மெண்ட் என்றால் ஒப்பந்தம். "பன்னிரண்டு மூணு ஒப்பந்தம்" என்று தொழிலாளர்கள் சொல்வது, 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த தொழிற்தகராறுச் சட்டத்தின் 12(3) பிரிவின் கீழ், சமரச அதிகாரி முன்னிலையில் கையெழுத்தானது.

நிலத்தில்: ஏற்பாடு, நிலவரித் திட்டம்

வாழும்போதே சொத்தைப் பிறருக்கு எழுதிவைக்கும் செட்டில்மெண்டுக்குப் பத்திரப்பதிவுத் துறையில் பெயர் ஏற்பாடு. வில்லங்கச் சான்றில் ஏற்பாடு என்றும் செட்டில்மெண்டு என்றும் சேர்த்தே அச்சாகும். எழுதியவர் காலத்துக்குப் பிறகே உயில் செயல்படும். ஏற்பாட்டு ஆவணம் பதிவானதும் உரிமை மாறிவிடும், எழுதியவர் நினைத்தபடி ஒருதலையாக ரத்துசெய்ய முடியாது. பெற்றோரைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதி, பிள்ளை அதை மீறினால், 2007ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி தீர்ப்பாயத்தை அணுகலாம். அதனால் அந்த நிபந்தனை ஆவணத்தில் எழுத்தில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் குடும்ப உறுப்பினருக்குள் எழுதும் ஏற்பாட்டுக்கு முத்திரைத் தீர்வையின் உச்சவரம்பு 2023 ஜூலையில் 25,000 ரூபாயிலிருந்து 40,000 ஆனது. பதிவுக் கட்டணத்தின் உச்சவரம்பு 4,000லிருந்து 10,000 ஆனது.

வருவாய்த் துறையின் செட்டில்மெண்ட் வேறு. நிலத்தை அளந்து, தரம் பிரித்து, யார் எவ்வளவு வரி கட்டுவது என்று உறுதி செய்வது அது. நில அளவை மற்றும் நிலவரித் திட்டத் துறை என்ற பெயரில் இருக்கும் "நிலவரித் திட்டம்" அதன் நேர்ச்சொல். வங்காளத்தில் 1793இல் வந்தது நிலையான நிலவரித் திட்டம்.

விண்ணில்: குடி

ஜெரார்டு ஓ'நீல் என்ற அமெரிக்க இயற்பியலாளர் 1974இல் எழுதிய கட்டுரையின் தலைப்பில் "காலனி" என்ற சொல்லின் வடிவமே இருந்தது. 1975 கோடையில் நாசாவின் ஏம்ஸ் மையமும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகமும் நடத்திய ஆய்வின் அறிக்கை 1977இல் வெளிவந்தபோது தலைப்பில் "செட்டில்மெண்ட்" வந்தது. காலனி என்றால் இன்னொருவர் நிலத்தில் ஏறி ஆண்ட வரலாறு நினைவுக்கு வரும். அதைத் தவிர்க்க நினைப்பவர்கள் இன்று செட்டில்மெண்ட் என்கிறார்கள். தமிழ்நாட்டில் "காலனி" சுமக்கும் காயம் வேறு: ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்ட மக்களின் இருப்பிடத்துக்கு அதுவே பெயரானது. 2025 ஏப்ரலில் அந்தச் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். விண்ணுக்கு அந்தச் சொல் நமக்கு வேண்டாம்.

அந்த 1975 ஆய்வு வரைந்த சக்கர வடிவக் குடியிருப்பைப் பார்த்தால், செட்டில்மெண்ட் என்று எதைச் சொல்கிறார்கள் என்பது புரியும். 10,000 பேர் வாழும் வளையம். விட்டம் ஏறத்தாழ 1.8 கிலோமீட்டர், நிமிடத்துக்கு ஒரு சுற்று. ஏன் இவ்வளவு பெரிது? சுழற்சியால் கிடைக்கும் எடை, ஆரத்தையும் சுழல்வேகத்தின் இருமடியையும் பொறுத்தது. நிமிடத்துக்கு ஒரு சுற்றில் பூமியின் எடை வேண்டுமானால் ஆரம் சுமார் 895 மீட்டர் இருக்க வேண்டும். இரண்டு சுற்றாக்கினால் 224 மீட்டர் போதும், கட்டுவது எளிது. ஆனால் வேகம் கூடக்கூடத் தலையைத் திருப்பும்போதெல்லாம் உட்செவி குழம்பி, குமட்டல் வரும். சில நாள் தங்குபவர் பழகிக்கொள்ளலாம். குழந்தைகளும் முதியவர்களும் ஆயுள் முழுக்க வாழும் இடத்தில் அந்தச் சோதனை கூடாது என்பதால்தான் ஒரு சுற்று. கட்டுமானத்தின் எடை ஏறத்தாழ 1 கோடி டன். அதில் பெரும்பகுதி கதிர்வீச்சைத் தடுக்கும் கவசம். அதற்கான மண்ணை நிலவிலிருந்து எடுப்பதாகத் திட்டம்.

நிலையம், தளம், குடியிருப்பு மூன்றும் ஒன்றல்ல. பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் 2000 நவம்பர் 2 முதல் ஆள் இல்லாத நாளே இல்லை. ஆனாலும் அங்கே குடி இல்லை. முறை வைத்துப் போய் வருகிறார்கள். அண்டார்க்டிகாவில் இந்தியாவின் ஆய்வுத் தளங்களான மைத்ரியும் பாரதியும் அப்படித்தான். குடி என்ற தமிழ்ச் சொல் கட்டடத்தை மட்டும் குறிப்பதன்று. குடும்பத்தையும் வழிவழியாக வாழ்வதையும் குறிப்பது. குடிபுகுதல், தனிக்குடித்தனம், குடிமக்கள் எல்லாவற்றிலும் அதே பொருள். "செட்டில்மெண்ட்" சொல்லவரும் வேறுபாட்டை அதைவிடக் கூர்மையாகச் சொல்கிறது.

குடி தங்க, வரவும் செலவும் நேராக வேண்டும். ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 0.84 கிலோ ஆக்சிஜன் தேவை. 10,000 பேருக்கு 8.4 டன். விண்வெளி நிலையத்தில் குடிக்க, சமைக்க, துடைத்துக்கொள்ள ஆளுக்கு நாளொன்றுக்குச் சுமார் 3.8 லிட்டர் நீர். சிறுநீரும் வியர்வையும் உட்பட அதில் 98 விழுக்காட்டை மீட்டெடுக்க முடியும் என்று 2023இல் அங்கே காட்டினார்கள். பெரிய வெற்றிதான். ஆனால் அதே கணக்கில் 10,000 பேர் இருந்தால் மீளாத 2 விழுக்காடு நாளுக்கு 760 லிட்டர். ஆண்டுக்கு 277 டன்னுக்கு மேல். குளியலும் பயிரும் இதில் சேரவில்லை. நிலவென்றால் மூன்று நாளில் போய்ச் சேரலாம். செவ்வாய்க்கு ஏற்ற ஏவுகாலம் 26 மாதத்துக்கு ஒருமுறைதான் வரும். இடையில் ஒரு வடிகட்டி பழுதானால் மாற்று அங்கேயே இருக்க வேண்டும், அல்லது அங்கேயே செய்ய வேண்டும்.

2016இல் அமெரிக்க நாடாளுமன்றக் கீழவையில் வந்த ஒரு சட்ட முன்வரைவு, விண்குடியிருப்பை இப்படித்தான் வரையறுத்தது: பூமியின் வளிமண்டலத்துக்கு அப்பால் வாழும் மனிதச் சமூகம், சரக்கும் சேவையும் சேர்ந்த வணிகத்தில் கணக்கு நேராகவோ உபரியாகவோ நின்று தன்னைத் தாங்கிக்கொள்ள வேண்டும், தேவைக்கேற்ப இடத்தை விரிவாக்கவும் முடிய வேண்டும். அது சட்டமாகவில்லை. ஆனால் நிலையத்தையும் குடியிருப்பையும் பிரிக்க இதைவிடத் தெளிவான கோடு அரிது.

பட்டா கிடைக்குமா என்ற கேள்விக்கும் விடை உண்டு. 1967ஆம் ஆண்டின் விண்வெளி உடன்படிக்கையின் இரண்டாவது உறுப்பு, நிலவையோ பிற விண்பொருளையோ எந்த நாடும் தன்னுடையதாக்கிக்கொள்ளக் கூடாது என்கிறது. இந்தியாவும் அதில் சேர்ந்த நாடு. நாட்டுக்கே உரிமை இல்லாத மண்ணில் தனியாளுக்குப் பட்டா கொடுக்கும் அதிகாரம் எவருக்கும் இல்லை. நிலவில் மனை என்று விற்கும் காகிதத்துக்குப் பணம் கட்ட வேண்டாம்.

பரிந்துரை

இடத்துக்கு விண்குடியிருப்பு. செயலுக்குப் பலரும் "விண்குடியேற்றம்" என்று எழுதுகிறார்கள், பிழை இல்லை. வேலூர் மாவட்டத்துக் குடியாத்தத்தையும் குடியேற்றம் என்று எழுதுவதுண்டு. ஆனால் இலங்கையில் குடியேற்றத் திட்டம் என்றாலே கல்லோயா பாசனத் திட்டம் தொடங்கி அரசு ஆட்களைக் கொண்டுவந்து இருத்திய வரலாறு முன்னால் வரும். குடியேற்றம் என்றால் ஏறியவர்களா, ஏற்றப்பட்டவர்களா என்பதும் தெரியாது. குடியமர்தல், குடியமர்த்துதல் என்று எழுதினால் அந்த ஐயமே இல்லை: முன்னது தாமாக அமர்வது, பின்னது பிறர் இருத்துவது. ஆகவே செயலுக்கு விண்குடியமர்வு.

இயந்திர மொழிபெயர்ப்பில் "விண்வெளித் தீர்வு" என்று கண்டால் திருத்துங்கள். அங்கே எந்தப் பிரச்சினையும் தீரவில்லை. "பையன் கனடாவில் செட்டில் ஆயிட்டான்" என்பதற்கு வேரூன்றிவிட்டான், காலூன்றிவிட்டான், நிலைத்துவிட்டான் என்று வேண்டிய அளவு சொற்கள் உண்டு. கடன் சொல்லையே எழுத வேண்டிய இடத்தில் செட்டில்மெண்ட் என்று ணகரம் இட்டு எழுதுக. டகரத்துக்கு இன எழுத்து ணகரம். "மென்ட்" என்று னகரம் இடுவது தமிழ் ஒலிமுறைக்கு ஒட்டாது.