அயலாரைக் கொண்டு அணுவை அறிதல்

பொகவந்தலாவைப் பக்கம் சட்டவிரோத மாணிக்கக்கல் அகழ்வு பற்றிய செய்தி வரும்போதெல்லாம் யாராவது கல்லைப் பற்றி ஏதாவது கேட்பார்கள். இம்முறை ஹட்டனில் உயர்தரம் படிக்கும் மாணவி ஒருவர் கேட்டார்: பால்நிறமான கெவுடாக் கல் உலையில் நீலமாகும்போது, உள்ளே அணுக்கள் நகர்வதைக் கணினியில் பார்க்க முடியுமா?

நீலக்கல்லும் கெவுடாவும் அலுமினியம் ஒட்சைட்டுத்தான். அதில் ஒவ்வோர் அலுமினிய அணுவையும் ஆறு ஒட்சிசன் அணுக்கள் சூழ்ந்திருக்கும். கெவுடாவிலுள்ள நுண்ணிய டைட்டேனியம் ஒட்சைட்டு இழைகள் கடும் வெப்பத்தில் கரைய, டைட்டேனியம் பளிங்கினுள் பரவி இரும்புடன் இணைசேர்ந்து நீலத்தைத் தருகிறது. (அந்தச் சொற்ப இரும்பையும் டைட்டேனியத்தையும் சனிக்குரிய கல் என்று தலையணைக்கடியில் வைத்துப் பொருத்தம் பார்ப்பவர்களிடம் நான் வாதிடுவதில்லை.)

அணுக்களின் நகர்வைக் கணிக்க விசை தெரிய வேண்டும். விசை தெரியச் சக்தி தெரிய வேண்டும். வால்டர் கோனுக்கு 1998இல் நோபல் பரிசு பெற்றுத்தந்த அடர்த்திச் சார்புக் கொள்கை இலத்திரன்களைக் கணக்கிட்டுச் சக்தியைத் தரும். ஆனால் அணுக்கள் இருமடங்கானால் வேலை ஏறத்தாழ எட்டு மடங்காகும். சில நூறு அணுக்களிலேயே கணினி திணறிவிடும்.

2007இல் ஜோர்க் பேலரும் மிக்கேலே பரினெல்லோவும் காட்டிய வழியை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்புத் தீர்வதில்லை. தோட்டத்தில் ஆளாளுக்குக் கொழுந்தின் நிறை எழுதிய துண்டுகள் தொலைந்து, தொழிற்சாலைக்குப் போன லொறியின் மொத்த நிறை மட்டும் கையிலிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு நாளும் எந்த நிரைகளில் கொழுந்து பறித்தார்கள், அவை சரிவிலா சமதரையிலா, நிழல் மரத்தடியிலா வெயிலிலா என்பது தெரிந்தால், போதிய நாட்களின் கணக்கிலிருந்து ஒவ்வொரு நிரையின் பங்கையும் ஊகித்துவிடலாம். அவ்வாறே நரம்பு வலையமைப்பும் (எடுத்துக்காட்டுகளைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் கணினி நிரல்), அந்தக் கடினமான கணிப்பு தந்த பளிங்கின் மொத்தச் சக்தியை மட்டும் பார்த்து, ஒவ்வோர் அணுவின் பங்கையும் அதன் அயலாரை, அதாவது அருகிலுள்ள அணுக்களைக் கொண்டு தானே வகுத்துக்கொள்கிறது.

அயலாரை விவரிப்பதில்தான் நுட்பமெல்லாம் இருக்கிறது. பளிங்கைத் திருப்பிவைத்தாலும் சக்தி மாறாது. ஆகவே இடத்தையோ திசையையோ குறிக்காமல், எத்தனை அயலார், எவ்வளவு தொலைவில், தமக்குள் என்ன கோணத்தில் என்பவற்றையே எண்களாக்கித் தர வேண்டும். எவ்வளவு தொலைவு வரை அயலார் என்று கொள்வது என்ற எல்லை பெரும்பாலும் ஒரு நனோமீற்றருக்கு உட்பட்டது. அந்த எல்லையை ஓர் அணு தாண்டும் கணத்தில் சக்தி குதித்தால் விசை அறுந்துபோகும் என்பதால், தொலைவு கூடக்கூட அயலாரின் செல்வாக்கை மெல்லக் குறைத்து, எல்லையைத் தொடும்போது பூச்சியமாக்கிவிடுகிறார்கள். ஒவ்வோர் அணுவும் தன் அயலை மட்டுமே பார்ப்பதால், அணுக்கள் இருமடங்கானால் வேலையும் இருமடங்குதான்.

படிக்காத பாடத்தை இந்த வலையமைப்பு துணிந்து தவறாகச் சொல்லும். அதற்காகவே தனித்தனியாகப் பயிற்றிய பல வலையமைப்புகளை ஒரே கேள்விக்கு உட்படுத்தி, அவற்றின் விடைகள் முரண்படும் இடங்களில் மட்டும் பழைய கடினமான கணிப்பைச் செய்து, அதையும் பாடத்தில் சேர்க்கிறார்கள். மென்பொருள்கள் பல இலவசமானவை; கல்லை ஏற்றுமதி செய்யும் நாடு நம் மாணவர்களின் கணினி நேரத்துக்கும் கொஞ்சம் செலவிடலாம் என்பது என் கருத்து.

மாணவிக்கு என் பதில் இதுதான். அணுக்கள் நகர்வதைப் பார்க்கலாம். ஆனால் ஒவ்வொரு படியும் ஏறத்தாழ ஒரு பெம்டோ செக்கன் (செக்கனின் பத்துக் கோடி கோடியில் ஒரு பங்கு) என்பதால், உலையின் பல மணி நேரத்தில் மிகச் சிறு துளியையே பார்க்க முடியும். நிறம் மாறுவதை அதில் பார்க்க இயலாது. நிறம் இலத்திரன்களின் வேலை, இந்த வலையமைப்போ இலத்திரன்களை ஒதுக்கியதால்தான் இவ்வளவு வேகம் பெற்றது.