மாநிற முகத்திற்குக் கான்டூர்: நிழல் சாம்பலாவது ஏன்?

மணப்பெண் ஒப்பனைக்காக என்னிடம் வருபவர்களில் பலர், முகம் மெலிந்து தெரியும்படி கான்டூர் செய்யச் சொல்வதோடு, நிறத்தையும் இரண்டு ஷேட் கூட்டித் தரும்படி கேட்கிறார்கள். இந்த இரண்டு விருப்பங்களும் ஒன்றையொன்று கெடுப்பவை என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

கன்ன எலும்பின் கீழும், தாடை விளிம்பிலும், மூக்கின் இரு பக்கங்களிலும் இயல்பாக விழும் நிழலைச் சற்று அழுத்திக் காட்டுவதுதான் கான்டூர். அந்த நிழல் அவரவர் தோலின் நிறத்திலிருந்தே பிறக்க வேண்டும். முகம் முழுதும் அடிப்பூச்சாகப் பூசும் பவுண்டேஷன் வெளிர் நிறமாக இருந்தால், அதில் டைட்டானியம் டை ஆக்சைடு என்னும் வெள்ளை நிறமி கூடுதலாக இருப்பதால், மாநிறத் தோலில் அதைப் பூசும்போது முகம் சாம்பல் படிந்ததுபோல் ஆகிறது. அதன்மேல் இடும் கான்டூர் நிழலாகத் தெரியாமல் அழுக்குக் கோடாகத் தனித்து நிற்கிறது. ஃபிளாஷ் வெளிச்சத்தில் இந்த வெண்மை இன்னும் கூடும். கண்ணுக்குக் கீழே சிலிக்கா பவுடரை அதிகமாகப் போட்டாலும் படத்தில் வெள்ளைத் திட்டுகள் விழும்.

2012 வாக்கில் அமெரிக்கத் தொலைக்காட்சிப் பிரபலம் கிம் கர்தாஷியனின் ஒப்பனைப் படங்கள் வழியாக இந்த முறை உலகெங்கும் பரவியபோது, பல கான்டூர் பெட்டிகளில் இருந்தவை வெளிர் தோலுக்கான சாம்பல் பழுப்பு நிறங்களே. அவை நம் தோலில் நிழலையே உண்டாக்குவதில்லை. 2017இல் பாடகி ரிஹானாவின் ஒப்பனை நிறுவனமான ஃபென்டி பியூட்டி 40 பவுண்டேஷன் ஷேட்களுடன் வந்த பிறகுதான் மற்ற நிறுவனங்கள் பலவும் கருநிறத்திற்கான வரிசைகளை விரிவாக்கின என்பதால், இன்று பொருத்தமான ஷேட் கிடைக்காது என்று சமாதானம் சொல்லத் தேவையில்லை.

பவுண்டேஷனைப் பகல் வெளிச்சத்தில் தாடையிலும் கழுத்திலும் தடவிப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். கான்டூர் அதைவிட ஓரிரு ஷேட் அடர்ந்ததாக, மினுமினுப்பும் செம்மையும் இல்லாததாக இருக்கட்டும். வெயில் பட்ட பழுப்பு நிறம் தரும் பளபளக்கும் பிரான்சர் அதற்கு மாற்றாகாது. நம்மில் பலருக்கு நெற்றியோரமும் வாயைச் சுற்றிய பகுதியும் இயல்பாகவே சற்றுக் கறுத்திருக்கும். அங்கே மேலும் கான்டூர் இடுவது வீண். கன்னத்தில் காதுப் பக்கமிருந்து பிரஷ்ஷை நகர்த்தி, கண்ணின் வெளி முனைக்கு நேர்கீழே நிறுத்தி, மேல்நோக்கிக் கலக்க வேண்டும். கீழ்நோக்கி இழுத்தால் கன்னம் தொங்குவதாகத் தோன்றும்.

முகத்தின் மேடான இடங்களை ஒளிரச் செய்யும் ஹைலைட்டரில் வெள்ளி நிறத்தைத் தவிர்த்துப் பொன், செம்பு நிறங்களை நாடுங்கள். பருவோ தழும்போ உள்ள இடத்தில் ஹைலைட்டர் மேடு பள்ளங்களை எடுத்துக் காட்டிவிடும். முகூர்த்தத்தின்போது ஹோமச் சூட்டிலும் வீடியோ லைட்டிலும் எண்ணெய் வழியும் என்பதால், கன்ன மேட்டில் ஒரு மெல்லிய பூச்சே போதும்.

என்னை மிகவும் வருத்துவது, திருமணத்திற்குச் சில மாதங்கள் முன்பே மருத்துவரைக் கேட்காமல் சிவப்பழகு கிரீம்களைப் பூசத் தொடங்கும் வழக்கம். ஸ்டீராய்டு கலந்த கிரீம்களைத் தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்து, சிவந்து, பருக்கள் எழும். அப்படிப்பட்ட முகத்தில் எந்த ஒப்பனையும் சீராகப் படியாது. பூசிக்கொண்டிருப்பவர்கள் தாமாகத் திடீரென நிறுத்தாமல் தோல் மருத்துவரைப் பாருங்கள்.

திருமணத்திற்கு முன் ஒப்பனையைச் செய்து பார்க்கும் ட்ரையல் முடிந்ததும் கண்ணாடியை மட்டும் நம்பாமல், காதும் கழுத்தும் தெரியும்படி ஃபிளாஷுடன் ஒரு படமும், வாசல் வெளிச்சத்தில் ஒரு படமும் எடுத்துப் பாருங்கள். கழுத்தைவிட முகம் வெளுத்திருந்தால், கான்டூரைத் திருத்துவதற்கு முன் பவுண்டேஷனை மாற்றச் சொல்லுங்கள்.