சூடு பண்ணித்தானே சாப்பிட்டேன், டாக்டர்?

வாந்தி என்று வருகிறவர்களிடம் நான் முதலில் விசாரிப்பது நேரத்தைத்தான். எப்போது சாப்பிட்டீர்கள், எப்போது ஆரம்பித்தது? ஓரிரு மணி நேரத்துக்குள் என்றால், பெரும்பாலும் கிருமி உணவில் ஏற்கெனவே உண்டாக்கி வைத்திருந்த நஞ்சு. ஒருநாள் கழித்துக் காய்ச்சலும் பேதியுமாக வந்தால், கிருமியே குடலுக்குள் போய்ப் பெருகியிருக்கலாம்.

சில மாதங்களுக்கு முன் வந்தவர் முதல் வகை. மதியம் வடித்த சோறு ராத்திரி வரை அடுப்பு மேடையிலேயே இருந்திருக்கிறது. "கெட்ட வாடையே இல்லை. நன்றாகச் சூடு பண்ணித்தானே சாப்பிட்டேன், டாக்டர்?" என்றார். இந்தக் கேள்வி என் காதில் விழாத மாதம் இல்லை.

அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா சாதாரணமாகவே இருக்கும். ஸ்போர் என்னும் கெட்டியான ஓட்டுக்குள் அது தூங்கும்போது கொதிநீர்கூட அதைக் கொல்வதில்லை. சோறு ஆறி வெதுவெதுப்பானதும் விழித்துக்கொண்டு பெருகும், நஞ்சைச் சுரக்கும். வாந்தி வரவைக்கும் அந்த நஞ்சு 121 டிகிரி செல்சியஸில் ஒன்றரை மணி நேரம் கிடந்தாலும் அழியாது. உங்கள் அடுப்பு எம்மாத்திரம்? சமைப்பவரின் கைப்புண்ணிலிருந்தோ மூக்கிலிருந்தோ உணவுக்கு வரும் ஸ்டஃபிலோகாக்கஸ் என்ற பாக்டீரியாவின் நஞ்சும் கொதித்தால் போய்விடுகிற ரகமில்லை. வாடையையும் நம்ப முடியாது. நாற்றத்தை உண்டாக்குவது பெரும்பாலும் வேறு கிருமிகள்.

5 முதல் 60 டிகிரி வரைதான் ஆபத்தான சூடு. வசதியான சூட்டில் ஒரு பாக்டீரியா 20 நிமிடத்தில் இரண்டாகும். அதே வேகத்தில் போனால் 7 மணி நேரத்தில் 20 லட்சத்தைத் தாண்டிவிடும். அதனால் சமைத்ததை 2 மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். பெரிய பாத்திரத்தோடு அப்படியே வைத்தால் நடுப்பகுதி ஆற வெகுநேரம் பிடிக்கும். ஆழமில்லாத பாத்திரங்களில் பிரித்து வைப்பது நல்லது.

சரி, பாலையும்தான் அதே வெதுவெதுப்பில் மணிக்கணக்காக வைக்கிறோம், அது எப்படித் தயிராகிறது? உறைமோரோடு போகும் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் முதலில் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. அவை பாலைப் புளிக்கவைக்க, அந்தப் புளிப்பில் மற்ற பல கிருமிகளால் தலையெடுக்க முடிவதில்லை.

குடலிலும் ஏறக்குறைய இதே இடப்போட்டிதான். அங்கே குடியிருக்கும் கோடானுகோடி பாக்டீரியாக்கள் நாம் செரிக்க முடியாத நார்ச்சத்தைத் தின்று, பெருங்குடல் செல்களுக்கு உணவாகும் பியூட்டிரேட்டைத் தருகின்றன. ஆன்டிபயாடிக் இந்தக் குடித்தனத்தையும் சேர்த்துக் காலி செய்யும். காலியான இடத்தில் குளோஸ்ட்ரிடியாய்டீஸ் டிஃபிசில் என்ற கெட்ட பாக்டீரியா புகுந்துவிட்டால் வரும் பேதி, சிலருக்கு உயிருக்கே ஆபத்தாகிறது. அப்புறம் நல்ல பாக்டீரியாக்கள் அடங்கிய புரோபயாடிக் மாத்திரை வாங்க ஓடுகிறார்கள். என்னைக் கேட்டால், ஆரோக்கியமாக இருப்பவர் அந்தக் காசுக்குப் பயறும் காய்கறியும் வாங்கலாம்.

சோறு சாப்பிட்டவருக்கு ஆன்டிபயாடிக் எழுதவில்லை. நஞ்சின் மேல் அதற்கு வேலையே கிடையாது. ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கச் சொன்னேன். இதற்கா வந்தோம் என்ற முகத்தோடு போனார். ஆனால் மலத்தில் ரத்தம், கடுங்காய்ச்சல், சிறுநீர் குறைவது, குடித்த தண்ணீர்கூட வயிற்றில் தங்காதது, இவற்றில் ஒன்று இருந்தாலும் வீட்டில் காத்திருக்க வேண்டாம். கைக்குழந்தை, கர்ப்பிணி, முதியவர் என்றால் இந்த அறிகுறிகள் வரும்வரைகூடப் பொறுக்காதீர்கள்.