ஷட்டில்: ஓடமா, கொக்கியா?

போன வருடம் பெரியம்மா வீட்டுப் பரணிலிருந்து ஒரு கை மிஷினை இறக்கினோம். கறுப்பு உடம்பு, அதன்மேல் பொன்னிறக் கொடியும் பூவுமாக வேலைப்பாடு, வளைந்த மர மூடி. கைப்பிடியைச் சுற்றினால் ஊசி அழகாக ஏறி இறங்கியது. தையல் மட்டும் விழவில்லை. ஊசிக்குப் பக்கத்திலுள்ள தகட்டை நகர்த்திப் பார்த்தபோதுதான் தெரிந்தது, உள்ளே இருக்க வேண்டிய ஷட்டிலைக் காணோம்.

உதிரிபாகக் கடைக்குப் போய், "அண்ணே, சிங்கர் மிஷினுக்கு ஒரு ஷட்டில் கொடுங்க" என்றேன். யோசிக்காமல் எடுத்து வைத்தார். பிறை மாதிரி வளைந்து, ஒரு நுனி மட்டும் கூர்ந்த இரும்பு. எனக்கு வேண்டியதோ விரல் நீளத்தில் துப்பாக்கித் தோட்டா போல இருக்கும் வேறோர் உறுப்பு. கேட்டதும் ஷட்டில்தான், கொடுத்ததும் ஷட்டில்தான். இரண்டும் வேலையில் ஒன்றாகவும் உருவத்தில் முற்றிலும் வேறாகவும் இருப்பதால், பழைய தையல் மிஷின்களைத் தேடிச் சேர்ப்பவர்களுக்கு இந்த ஒரு சொல்லை விளங்கிக்கொள்வது அவசியமாகிறது. இது விளங்கினால் பாதி மிஷின்களை அடையாளம் கண்டுகொள்ளலாம்.

சொல் தறியிலிருந்து வந்தது. பழைய ஆங்கிலத்தில் இதன் முன்வடிவத்துக்கு எறியீட்டி, அம்பு என்று பொருள். எய்தல், சுடுதல் என்ற பொருளில் வழங்கும் 'ஷூட்' இதற்கு உறவுச் சொல். தறியில் நீளவாக்கில் கட்டியிருக்கும் பாவுக்கு நடுவே, குறுக்கு நூலான ஊடையைச் சுமந்துகொண்டு இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் பாயும் கருவிக்கு அந்தப் பெயர் நின்றது. எறிவதால் வந்த பெயர், பிறகு போய்த் திரும்புவதற்கும் ஆனது. இரண்டு இடங்களுக்கிடையே ஓயாமல் ஓடும் பஸ்ஸை ஷட்டில் என்கிறோம். வலைக்கு மேல் அங்குமிங்கும் பறக்கும் இறகுப்பந்துக்கும் அதே பெயர்.

தமிழ் நெசவாளர்களிடம் இதற்கு இரண்டு சொற்கள் உண்டு. ஒன்று நாடா. ஜான் கே 1733-இல் உருவாக்கிய தறிக்கருவியைப் பறக்கும் நாடா என்று பள்ளியில் படித்திருப்போம். மற்றொன்று ஓடம். ஓடுவது ஓடம். ஆற்றில் செல்லும் ஓடமும் தறியில் செல்லும் ஓடமும் ஒரே சொல். மலையாளத்திலும் தறிநாடாவுக்கு ஓடம் என்றே பெயர்.

இந்த இடத்தில் எனக்கு ஒரு பெரிய சந்தோஷம் உண்டு. ஆங்கிலத்தார் அந்தக் கருவியில் அம்பைப் பார்த்தார்கள். ஸ்பானியத்தார் அதை 'லான்சதேரா' என்கிறார்கள். அதுவும் எறிதலிலிருந்து பிறந்த சொல். ஆனால் பிரெஞ்சில் 'நவேத்'. கப்பலைக் குறிக்கும் லத்தீன் சொல்லின் வழிவந்தது. ஜெர்மனில் 'ஷிஃப்சென்', அதாவது குட்டிக் கப்பல். ரஷ்யனில் 'செல்னோக்', ஒற்றை மரத்தைக் குடைந்து செய்த சிறு தோணிக்கும் அதே பெயர். இவர்களெல்லாம் அதில் படகைப் பார்த்திருக்கிறார்கள். நாமும் அப்படித்தான் பார்த்தோம். விண்வெளிக்குப் போய்த் திரும்பிய அமெரிக்க ஊர்தியைத் தமிழ்ப் பத்திரிகைகள் விண்வெளி ஓடம் என்று எழுதியபோது, தறிக்குழியில் இருந்த சொல் வானத்துக்கும் போய்விட்டது.

சரி, தறியின் ஓடம் தையல் மிஷினுக்குள் எப்படி வந்தது? கையால் தைக்கும்போது ஒரே நூல்தான். ஊசி முழுவதும் துணியைத் தாண்டிப் போய்த் திரும்ப வேண்டும். மிஷினில் ஊசி முழுதாக மறுபக்கம் போவதில்லை. அதன் காது கூர்நுனிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. துணியைத் துளைத்து இறங்கி, கொஞ்சம் மேலே எழும்பும்போது மேல்நூல் தளர்ந்து ஒரு சிறு கண்ணியாகப் புடைக்கும். அந்தக் கணத்தில் கீழ்நூலைச் சுமந்த ஓடம் அந்தக் கண்ணிக்குள் நுழைந்து மறுபக்கம் வெளியேற வேண்டும். ஊசி மேலேறும்போது இரண்டு நூலும் துணிக்குள் ஒன்றையொன்று பூட்டிக்கொள்ளும். எலியாஸ் ஹவ் 1846-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற மிஷின் இந்த முறையில் தைத்தது. பாவுக்குள் ஊடை நுழைவதும் கண்ணிக்குள் கீழ்நூல் நுழைவதும் ஒரே யோசனை. அதனால் கருவியும் பெயரும் தறியிலிருந்து அப்படியே வந்தன.

ஓடத்தின் உருவத்துக்கும் இதுதான் காரணம். மூக்கு கூர்மையாக இருந்தால்தான் கண்ணிக்குள் நுழையும். உடம்பு வழவழப்பாக இருந்தால்தான் கண்ணி அதன்மேல் வழுக்கிப் பின்பக்கமாக விடுபடும். துருப்பிடித்த ஓடம் நூலை அறுப்பது இதனால்தான். ஆரம்பகால ஓடங்கள் உண்மையிலேயே தோணி மாதிரிதான் இருக்கும்: குழிவான வயிறு, அதற்குள் படுத்திருக்கும், கீழ்நூல் சுற்றிய நீளமான பாபின். பிற்பாடு வந்தவை உருண்டு திரண்டு தோட்டா வடிவம் ஆயின. அவற்றில் பாபினைப் பின்பக்கத் துளை வழியாகச் செருக வேண்டும்.

அப்புறம், ஓடம் எந்தத் திசையில் ஓடுகிறது என்பதை வைத்து மிஷினின் தலைமுறையைச் சொல்லலாம். முதல் தலைமுறையில் அது ஊசிக்குப் பக்கத்தில் இடவலமாக நேர்கோட்டில் ஓடும். 1865-இல் வந்த சிங்கர் 12 என்ற மாடல் இந்த வகை. அதன் அடித்தட்டு பிடில் வாத்தியம் போல இடை குறுகியிருக்கும். ஒருமுறை பார்த்தால் மறக்காது. தகடுகளும் இடமும் வலமுமாக நழுவும். இதைக் குறுக்கோடம் என்று சொல்லலாம். வாங்கும் எண்ணம் இருந்தால் ஊசி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இன்று வீட்டு மிஷின்களுக்குக் கடையில் கிடைக்கும் ஊசி இதற்குச் சேராது.

அடுத்த வகைக்கு ஆங்கிலத்தில் 'வைப்ரேட்டிங் ஷட்டில்' என்று பெயர். இந்த யோசனைக்கு அமெரிக்கரான ஆலன் வில்சன் 1850-இலேயே காப்புரிமை பெற்றிருந்தார். இதில் ஓடம் ஒரு நீண்ட கரத்தின் நுனியில் உட்கார்ந்துகொண்டு, முன்னும் பின்னுமாக வில்போல் வளைந்த பாதையில் ஆடும். அடித்தட்டின் இடக்கோடியில் இருக்கும் தகடுகள் தைப்பவரை நோக்கியும் எதிர்ப்புறமாகவும் நழுவும். சிங்கர் 27, 127 முழு அளவு. 28, 128 முக்கால் அளவு. நம் பக்கத்து வீடுகளில் கிடைக்கும் மரமூடிக் கை மிஷின்களில் இந்த முக்கால் அளவுக்காரர்கள் நிறைய. எங்கள் பெரியம்மாவுடையது 128. இவற்றுக்கு இன்றைய சாதாரண ஊசியே பொருந்தும் என்பது பெரிய நிம்மதி.

இந்தப் பெயரை 'அதிரும் ஷட்டில்' என்று மொழிபெயர்ப்பது சரியில்லை. அங்கே எதுவும் அதிர்வதில்லை. அந்தக் காலத்து ஆங்கிலத்தில் கடிகார ஊசல் ஆடுவதற்கும் 'வைப்ரேட்' என்றே சொல்வார்கள். மிஷினுக்கு ஒட்டியது அந்தப் பொருள்தான். ஜெர்மானியர் இதைச் சரியாகப் பிடித்து 'ஷ்விங்ஷிஃப்' என்றார்கள், ஊசலாடும் கப்பல். தமிழில் ஊசலோடம் என்றால் கச்சிதமாக விழுகிறது. ஊஞ்சல், ஊசல், ஓடம் எல்லாம் நமக்குப் பழகிய சொற்கள், விளக்கமே தேவைப்படாது.

ஊசலோடத்துக்கு ஒரு குறை இருந்தது. ஒவ்வொரு தையலுக்கும் ஓடி, நின்று, திரும்பி ஓட வேண்டும். அதனால் சத்தம் கூடும், வேகத்துக்கும் எல்லை உண்டு. மெலிந்த நீள பாபினில் நூலும் அதிகம் பிடிக்காது. இதற்கான விடையையும் வில்சனே கண்டுபிடித்தார்: சுழலும் கொக்கி. அதற்கு 1851 ஆகஸ்ட் 12 அன்று காப்புரிமை கிடைத்தது. ஐசக் சிங்கருக்கு அவருடைய மிஷினுக்காகக் காப்புரிமை கிடைத்ததும் அதே நாள்தான்.

கொக்கி வந்ததும் வேலையின் முறை தலைகீழானது. முன்பு கண்ணிக்குள் ஓடம் போனது. இப்போது பாபின் தன் இடத்திலேயே இருக்கிறது. கொக்கி கண்ணியைப் பிடித்து இழுத்து, பாபினைச் சுற்றிக் கொண்டுபோய் விடுகிறது. பயணம் ஓடத்திடமிருந்து நூலுக்கு மாறிவிட்டது. சிங்கர் 15 வகையில் கொக்கி முழுதாகச் சுழலாமல் ஏறக்குறைய அரைச்சுற்று போய்த் திரும்பும். 201 போன்றவற்றில் முழுதாகச் சுழலும். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு ஜப்பான் ஆலைகள் ஏராளமாகச் செய்து அனுப்பியது 15-இன் நகல்களைத்தான். நம் ஊர் உஷா முதலான கறுப்பு மிஷின்களும் அதே அமைப்பு.

ஆக, ஓடம் போய்விட்டது, பெயர் தங்கிவிட்டது. இன்றைக்குத் தையல்காரர்கள் "ஷட்டில் பாயிண்ட் மழுங்கிடுச்சு" என்று சொல்வது அந்த அரைச்சுற்றுக் கொக்கியைப் பற்றித்தான். கடைக்காரர் எனக்குப் பிறையை எடுத்துத் தந்ததும் இதனால்தான். அறுபது எழுபது ஆண்டுகளாக நம் தெருக்களில் ஓடுவது அந்த வகை மிஷின் என்பதால், ஷட்டில் என்றால் அவர் கண்ணுக்கு அதுதான் தெரியும். ஜப்பானியர் இந்த உறுப்புக்குப் புதிதாகவே பெயர் வைத்தார்கள்: 'காமா', அதாவது பானை. அரைச்சுற்று வகைக்கு அரைச்சுழற்சிப் பானை என்று பெயர். பொருள் மாறினால் பெயரும் மாறட்டும் என்ற அந்தத் துணிவு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

நாடாவா, ஓடமா என்ற கேள்வி இன்னும் இருக்கிறது. நெசவில் இரண்டும் சரி. தையலில் நான் ஓடத்தின் பக்கம். தையல் கடையில் நாடா என்றால் பாவாடை நாடாவும் அளவு நாடாவும்தான் நினைவுக்கு வரும். 'நாடா காணோம்' என்று சொன்னால் பெட்டியில் வேறெதையோ தேடுவார்கள். ஓடத்துக்கு அந்தக் குழப்பம் இல்லை. எனவே உள்ளே ஓடுவது ஓடம், சுற்றுவது கொக்கி: குறுக்கோடம், ஊசலோடம், அரைச்சுற்றுக் கொக்கி, சுழல் கொக்கி. இந்த நான்கையும் சொன்னால் பூட்டுத் தையல் மிஷின்களில் பெரும்பாலானவை அடங்கிவிடும். பாபின் என்பது பிரெஞ்சு 'பொபீன்' வழியாக வந்த சொல். தறி ஓடத்துக்குள் இருக்கும் நூல்சுற்றை நெசவாளர்கள் தார் என்கிறார்கள். நீள பாபினுக்கு அது நன்றாகப் பொருந்தும். ஆனால் வட்ட பாபின் ஊரெல்லாம் பாபினாகவே புழங்கிவிட்டது. அதை மாற்ற வேண்டிய தேவை எனக்குத் தெரியவில்லை.

பழைய மிஷின் பார்க்கப் போகிறவர்கள் அதில் பொறித்திருக்கும் தொடர் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். சிங்கரில் எழுத்தே இல்லாத வெறும் எண் என்றால் பெரும்பாலும் 1900-க்கு முந்தையது. ஒய் என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கினால் ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் ஆலையில் 1921-க்குப் பிறகு செய்தது. அதோடு விலை பேசும் முன் தகட்டை நழுவவிட்டு உள்ளே பாருங்கள். ஊசலோடம் தன் இருக்கையில் சும்மா உட்கார்ந்திருப்பதுதான், திருகு எதுவும் கிடையாது. தூக்கினால் கையோடு வந்துவிடும் என்பதால் பல வீடுகளில் முதலில் தொலைந்துபோவது அதுதான். கடையில் கேட்கும்போது "பழைய மிஷினோட தோட்டா ஷட்டில், நீள பாபின் போடுறது" என்று சொன்னால் புரிந்துகொள்கிறார்கள். இப்போதும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். எனக்கும் மூன்றாவது கடையில் கிடைத்தது. எண்ணெய் விட்டு, ஓடத்தை வைத்து, பெரியம்மா கையில் கைப்பிடியைக் கொடுத்தோம்.