தேர்ந்தெடுத்தது ஒன்று, தேடுவது வேறொன்று: உலாவி ஏன் சொல்பேச்சு கேட்பதில்லை?

"அமைப்புகளில் டக்டக்கோவை இயல்புநிலைத் தேடுபொறியாக வைத்தேன். ஆனால் வேறு ஏதோ தளத்தில்தான் தேடுகிறது. ஏன்?" என்று ஒரு வாசகர் கேட்கிறார். இந்தக் கேள்விக்குள் இரண்டு கோளாறுகள் ஒளிந்திருக்கின்றன. தேர்வே அழிந்துபோவது ஒன்று. தேர்வு அப்படியே இருக்க, தேடல் மட்டும் வழிமாறுவது மற்றொன்று. தேடிய பிறகு அமைப்புகள் பக்கத்தைத் திறந்து பாருங்கள். எந்தக் கோளாறு என்று தெரிந்துவிடும்.

உலாவியைப் பொறுத்தவரை தேடுபொறி என்பது நடுவில் ஓர் ஓட்டை விட்ட முகவரி, அவ்வளவுதான். குரோமில் அந்த ஓட்டைக்கு அடையாளம் சதவீதக் குறியும் அதையடுத்த ஆங்கிலச் சிற்றெழுத்து எஸ்ஸும். நீங்கள் தட்டிய சொல் அங்கே போய் உட்காரும். கையால் சேர்த்த தேடுபொறியில் இந்த அடையாளம் விடுபட்டால் தேடல் நடக்காது, நீங்கள் கொடுத்த முகவரிதான் அப்படியே திறக்கும். இன்னொரு குழப்பம்: ஒரு தளத்தின் பக்கத்திலுள்ள பெட்டியில் தட்டினால் அந்தத் தளம்தான் தேடும். உங்கள் தேர்வு முகவரிப் பட்டைக்கு உரியது.

குரோமில் இந்தத் தேர்வுக்கு நான்கு எஜமானர்கள். அடிமட்டத்தில் உலாவியோடு வந்த இயல்புநிலை. அதற்கு மேல் நீங்கள். உங்களுக்கும் மேல் நீட்டிப்பு, அதாவது உலாவியில் கூடுதலாகச் சேர்க்கும் சிறு நிரல். எல்லாவற்றுக்கும் மேல் நிர்வாகக் கொள்கை, அதாவது கணினியை நிர்வகிப்பவர் உலாவிக்கு இடும் கட்டளை. மேலே இருப்பவர் பேசினால் கீழே இருப்பவர் சொல் எடுபடாது. பெரும்பாலான புகார்களுக்கு விடை இந்த வரிசையிலேயே கிடைத்துவிடும்.

மேலே யாருமே இல்லாதபோதும் தேர்வு காணாமல் போகிறதே, அதுதான் சுவையான இடம். இயல்புநிலைத் தேடுபொறி என்பது பணம். அந்த இடத்துக்காகக் கூகுள் 2021-இல் மட்டும் 26.3 பில்லியன் டாலர் கொடுத்தது அமெரிக்க நீதிமன்ற வழக்கில் வெளிவந்தது. காசு புரளும் இடத்துக்குக் களவும் வரும். விளம்பர நிரல்கள் அமைப்புக் கோப்பைத் திறந்து உங்கள் தேர்வை மாற்றி எழுதின. பதிலுக்கு உலாவிகள் தேர்வுக்கு முத்திரை குத்தத் தொடங்கின.

விண்டோஸ் குரோமில் அந்தக் கோப்பின் பெயர் 'செக்யூர் பிரெஃபரன்சஸ்'. அமைப்பின் பெயர், அதன் மதிப்பு, கணினியின் அடையாளம் ஆகியவற்றைச் சேர்த்து, ஒரு ரகசிய விதையோடு (சாவி போன்ற மறைவான மதிப்பு) 'எச்மேக்' என்ற கணக்கீட்டில் அரைத்தால் 256 பிட் நீளமுள்ள முத்திரை கிடைக்கும். ஓர் எழுத்து மாறினாலும் முத்திரை முழுவதும் மாறிவிடும். குரோம் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் மறுபடி கணக்கிட்டுப் பார்க்கும். பொருந்தாவிட்டால் அந்த அமைப்பைத் தூக்கியெறிந்துவிட்டு இயல்புநிலைக்குத் திரும்பும். இதில் அப்பாவிகளும் மாட்டுகிறார்கள். சுயவிவரக் கோப்புறையை (உலாவி உங்கள் அமைப்புகளைச் சேர்த்துவைக்கும் இடம்) வேறு கணினிக்கு அப்படியே நகலெடுத்தால் கணினி அடையாளம் மாறும், முத்திரை பொய்க்கும், உங்கள் தேர்வும் போய்விடும். விதை குரோமுக்குள்ளேயே இருப்பதால் கெட்டிக்காரத் திருடன் போலி முத்திரை செய்யவும் முடியும். பூட்டும் சாவியும் ஒரே வீட்டில்தானே.

ஃபயர்ஃபாக்ஸ் செய்திருப்பது இதைவிடக் குறும்பு. அதன் முத்திரையான ஹேஷில் சுயவிவரக் கோப்புறையின் பெயரும் தேடுபொறியின் அடையாளமும் மட்டுமல்ல, ஒரு முழு ஆங்கில உறுதிமொழியும் அரைபடுகிறது: பயனரின் ஒப்புதலை மீறவில்லை என்றும், வெளியிலிருந்து இந்தக் கோப்பை மாற்றுவது தீய செயல் என்றும் ஒப்புக்கொள்ளும் வாசகம். போலி ஹேஷ் தயாரிக்க வேண்டுமானால் திருடன் தன் நிரலுக்குள்ளேயே அந்த ஒப்புதல் வாக்குமூலத்தைச் சுமக்க வேண்டும்! கணிதத்துக்குள் சட்டத்தைப் பொதிந்த இந்தக் கற்பனைக்கு ஒரு சபாஷ். ஃபயர்ஃபாக்ஸோடு வராமல் நீங்களாகச் சேர்த்த தேடுபொறி என்றால், கோப்புறையின் பெயர் மாறும்போது இங்கேயும் தேர்வு போய்விடலாம் என்பது அதன் விலை.

சரிசெய்வது எப்படி? முகவரிப் பட்டையில் ஆங்கில எழுத்துகளில் குரோம்://பாலிசி என்று தட்டுங்கள், ஃபயர்ஃபாக்ஸில் எபவுட்:பாலிசிஸ். சொந்தக் கணினியில் அங்கே ஏதாவது பட்டியலிட்டிருந்தால் அதைச் சந்தேகியுங்கள். தேடுபொறியை நேரே மாற்றாவிட்டாலும், நீக்க முடியாத நீட்டிப்பு ஒன்றை நடுவதற்குக் கொள்கை பயன்படும். விண்டோஸில் அந்தக் கொள்கை, கணினியின் அமைப்புகளைப் பதிந்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியின் 'சாஃப்ட்வேர்', 'பாலிசீஸ்', 'கூகுள்', 'குரோம்' என்ற அடுக்கில் இருக்கும். அதை நிறுவிய நிரலை முதலில் நீக்குங்கள், பிறகு அந்தப் பதிவை அழியுங்கள். வரிசை மாறினால் திரும்ப முளைக்கும். அலுவலகக் கணினி என்றால் கைவைக்காதீர்கள்.

கொள்கை ஏதும் இல்லையென்றால் எல்லா நீட்டிப்புகளையும் அணைத்துவிட்டு, ஒவ்வொன்றாக இயக்கித் தேடிப் பாருங்கள். தேர்வு சரியாக இருந்தும் தேடல் வேறு தளத்துக்குத் தாவுகிறதா? மறைநிலை (இன்காக்னிட்டோ) சாளரத்தில் அதையே தேடுங்கள். நீங்கள் தனியே அனுமதிக்காவிட்டால் நீட்டிப்புகள் அங்கே இயங்கா. அங்கே ஒழுங்காக வந்தால், வழியில் திசைதிருப்புவது பெரும்பாலும் ஒரு நீட்டிப்புதான்.

இதற்கென்று 'கிளீனர்' நிரல்களைத் தேடி நிறுவுவது, என் பார்வையில், தாயத்துக் கட்டுவதற்குச் சமம்; புது ஒட்டுண்ணி வருவதும் அந்த வழியில்தான். குரோமிலேயே உள்ள 'அமைப்புகளை மீட்டமை' போதும். அது தேடுபொறியை மீட்டு, நீட்டிப்புகளை அணைத்து, குக்கீகளை அழிக்கும். புக்மார்க், வரலாறு, கடவுச்சொற்களைத் தொடாது. அதற்கு முன் ஒத்திசைவை, அதாவது உங்கள் கணினிகளின் அமைப்புகளை ஒன்றுபோல் வைத்திருக்கும் வசதியை, நிறுத்துங்கள். இல்லாவிட்டால் இன்னொரு கணினியில் இருக்கும் அழுக்குத் தேடுபொறி சில நொடிகளில் இங்கே வந்து இறங்கும். எல்லாக் கணினிகளையும் துடைத்த பிறகே ஒத்திசைவை மறுபடி இயக்குங்கள்.

ஃபயர்ஃபாக்ஸில் தனிப்பட்ட சாளரத்தில் மட்டும் தேடுபொறி மாறுகிறது என்றால் அது கோளாறே அல்ல. அந்தச் சாளரத்துக்குத் தனித் தேடுபொறி வைக்க அங்கே ஓர் அமைப்பு உண்டு.