மதியம் வாடும் கத்தரிக்குத் தண்ணீர் வேண்டுமா?

சித்திரை வெயிலில் மதியம் இரண்டு மணிக்கு மாடித் தோட்டத்துக்குப் போனால் கத்தரியும் பூசணியும் இலைகளைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கும். உடனே பூவாளியைத் தூக்க வேண்டாம். மண்ணில் ஈரம் இருந்தாலும் அப்படி வாடும். இலையிலிருந்து நீர் ஆவியாகும் வேகத்துக்கு வேரால் ஏற்றிக் கொடுக்க முடியவில்லை, அவ்வளவுதான். வெயில் தாழ்ந்ததும் தானாக நிமிர்ந்துவிடும். விடியற்காலையிலும் தொங்கிக்கொண்டிருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

இலை விறைப்பாக நிற்பதே செல்களுக்குள் இருக்கும் நீரின் அழுத்தத்தால்தான், காற்றடைத்த சைக்கிள் டியூப் மாதிரி. மண் காயத் தொடங்கியதும் செடிக்குள் அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் பெருகுகிறது. இலைத்துளைகளைக் காக்கும் செல்களிலிருந்து அது பொட்டாசியம் அயனிகளை வெளியேற்ற, கூடவே நீரும் போய்விட, துளை மூடிக்கொள்கிறது. நீர் மிச்சம், சரி. ஆனால் கார்பன் டை ஆக்சைடு உள்ளே வருவதும் அந்த வாசல் வழியாகத்தானே! உணவுத் தயாரிப்பு சுருங்குகிறது. ஆவியாதலால் கிடைத்த குளிர்ச்சியும் போய் இலை சூடாகிறது. அப்புறம்தான் துளிர் சிறுப்பது, இலை ஓரம் கருகுவது, மிளகாய் பூவைக் கொட்டுவது எல்லாம்.

தக்காளியின் அடிப்பக்கம் கறுத்துப் போனால் பலரும் மருந்துக்கடைக்கு ஓடுகிறார்கள். பெரும்பாலும் அது நோயே இல்லை. கால்சியம் நீரோடு சேர்ந்துதான் காய்க்குப் போகும். ஒருநாள் வெள்ளமாகப் பாய்ச்சிவிட்டு நாலு நாள் காயப் போட்டால், மண்ணில் கால்சியம் இருந்தும் காய்க்கு எட்டாது.

குழப்பம் என்னவென்றால், தண்ணீர் அதிகமாகி வேர் மூச்சு முட்டினாலும் செடி இதே போலத்தான் வாடும். இலையை மட்டும் பார்த்துக் கண்டுபிடிப்பது கடினம். விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் பிசுபிசுத்தால் ஊற்றாதீர்கள்.

முற்றிலும் காய்ந்த தொட்டியில் மண் சுருங்கி ஓரத்தில் இடைவெளி விட்டிருக்கும். ஊற்றும் நீர் அந்த வழியே இறங்கி அடித்துளையில் ஓடிவிடும், நடுவேர் காய்ந்தே கிடக்கும். தொட்டியை வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் வைத்து எடுப்பதுதான் நல்ல வழி. பிறகு காலை வேளையில் ஆழமாகப் பாய்ச்சி, மேலே சருகோ வைக்கோலோ மூடாக்காகப் போட்டால் ஈரம் நிற்கும்.

வாடிய செடிக்குத் தெம்பு வரட்டும் என்று யூரியா போடாதீர்கள். காய்ந்த மண்ணில் உப்புச் செறிவு கூடி வேர் நீரை உறிஞ்சவே சிரமப்படும். இலையின் அடிப்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள். வறண்ட வெயிலில் இலைச்சாற்றை உறிஞ்சும் செஞ்சிலந்தி என்ற நுண்ணிய உயிரி வேகமாகப் பெருகும். மெல்லிய நூலாம்படை தெரிந்தால் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவிவிடுங்கள்.