புளி போட்டுத் தேய்த்த பேரரசர்கள்

மறுபடியும் ஒன்று வந்திருக்கிறது. கரூர்ப் பக்கம் அமராவதி ஆற்று மணலில் கிடைத்த சிறு ரோமானியச் செப்புக்காசு, எடை ஒன்றரை கிராம்தான். கொண்டுவந்தவர் அதை மோதிரம் வைக்கும் வெல்வெட் பெட்டிக்குள் பத்திரமாக வைத்திருந்தார். "இரண்டு நாள் புளியில் ஊறவைத்து, சாம்பல் போட்டுத் தேய்த்தேன் சார். எப்படி மின்னுகிறது பாருங்கள்" என்றார். மின்னத்தான் செய்தது, வெள்ளிக்கிழமை விளக்கி வைத்த குத்துவிளக்கைப் போல.

பழங்காசுகளைப் பாதுகாப்பது என் தொழில். இப்படி விளக்கப்பட்ட காசுகள் எத்தனை என் மேசைக்கு வந்துவிட்டன என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன். ஆனால் எரிச்சல் மட்டும் பழகவில்லை.

அந்தக் காசில் என்ன போயிற்று என்று சொல்கிறேன். பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தால், பின்பக்கம் இரண்டு போர்வீரர்கள் எதிரெதிரே நிற்பது மங்கலாகத் தெரிகிறது. நடுவில் ஒரே ஒரு படைக்கொடி. ஏறத்தாழ கி.பி. 335 வரை அடித்தவற்றில் இரண்டு கொடிகள் இருக்கும், பிறகு ஒன்றாகக் குறைந்தது. ஆக, காலம் ஓரளவு பிடிபடுகிறது. ஆனால் யார் காசு? அப்போது ரோமை ஆண்ட பேரரசர் குடும்பத்தில் அப்பா கான்ஸ்டான்டினஸ், உயிரோடிருந்த மகன்களில் மூத்தவரும் கான்ஸ்டான்டினஸ், அடுத்தவர் கான்ஸ்டான்டியஸ், இளையவர் கான்ஸ்டன்ஸ். நான்கு பேர் முகமும் காசில் கிட்டத்தட்ட ஒன்றுதான். சுற்றியுள்ள லத்தீன் எழுத்துகளை வைத்துத்தான் பிரித்தறிய முடியும். அப்பா பெயருக்கும் நடு மகன் பெயருக்கும் ஓர் 'என்' எழுத்துதான் வித்தியாசம். வீரர்களின் காலடியில் கோடு போட்டு அதற்குக் கீழே காசு அடித்த அக்கசாலையின் குறியெழுத்துகள் இருக்கும். அதைப் பார்த்துத்தான் காசு அந்தியோக்கியாவில் அடித்ததா, கான்ஸ்டான்டிநோபிளில் அடித்ததா, ட்ரியரில் அடித்ததா என்று சொல்வோம். இந்தக் காசில் பெயரும் இல்லை, குறியெழுத்தும் இல்லை. 1,600 ஆண்டுகளுக்கு மேல் ஆற்று மணலில் தாக்குப்பிடித்த எழுத்து, இரண்டு நாள் புளியில் கரைந்துவிட்டது.

எல்லாவற்றுக்கும் காரணம் ஓர் எண்ணம்தான்: பச்சையாக, கறுப்பாக மேலே படிந்திருப்பது அழுக்கு, அதற்கு அடியில் புதுக்காசு ஒளிந்திருக்கிறது என்பது. இல்லை. அடியில் எதுவும் ஒளிந்திருக்கவில்லை. அந்தக் களிம்பு வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது அன்று. காசின் செம்பே மேலிருந்து உள்நோக்கி மெல்ல மெல்ல மாறி அப்படி ஆகியிருக்கிறது. பேரரசரின் மூக்கும் காதும் முடியில் கோத்த முத்துகளும் பெயரின் எழுத்துகளும் அந்தப் படலத்தில்தான் இருக்கின்றன. படலத்தைக் கரைத்தால் முகத்தையே கரைக்கிறீர்கள். புளியும் எலுமிச்சையும் செப்புப் பாத்திரத்துக்குச் சரி, பாத்திரத்தில் படிக்க வேண்டியது ஒன்றும் இல்லை. காசில் அதற்கு மட்டுந்தான் மதிப்பு. இன்னொரு முறை சொல்கிறேன், ஏனென்றால் அடுத்த வாரமும் யாராவது கேட்கத்தான் போகிறார்கள்: வழவழப்பாக, கெட்டியாக இருக்கும் கரும்பச்சை அல்லது பழுப்புப் படலம் காசின் தோல். தோலை உரிக்காதீர்கள்.

பயப்பட வேண்டிய பச்சை ஒன்று உண்டு. வெளிர்ப்பச்சையாகத் திட்டுத் திட்டாகத் தோன்றும், குச்சியால் தொட்டால் மாவாக உதிரும். அது நோய். மண்ணின் குளோரைடு உப்பு உள்ளே தங்கி, ஈரம் பட்டதும் செம்பை அரிக்கத் தொடங்குகிறது. அப்போதும் புளி வேண்டாம், தண்ணீர் அறவே வேண்டாம். அந்தக் காசை மற்றவற்றிலிருந்து பிரித்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இறுக மூடிய டப்பாவில் வைத்துவிட்டு, தெரிந்தவர்களிடம் எடுத்துச்செல்லுங்கள்.

வெள்ளிக்காசு வைத்திருப்பவர்களின் தொல்லை வேறு மாதிரி. நம் பகுதியில் கிடைக்கும் ரோமானிய வெள்ளியில் இரண்டு வகைதான் மிகுதி. ஒன்றில் பேரரசர் அகஸ்டஸின் பேரன்கள் கேயஸும் லூசியஸும் கேடயங்களோடு நிற்பார்கள். இன்னொன்று அவருக்குப் பின் ஆண்ட டைபீரியஸின் காசு, பின்பக்கம் செங்கோலும் கிளையும் ஏந்தி ஒரு பெண் அமர்ந்திருப்பாள். கி.பி. 64இல் பேரரசர் நீரோ வெள்ளிக்காசின் எடையையும் தரத்தையும் குறைத்தார். இந்தியப் புதையல்களில் அவருக்கு முந்தைய காசுகளே மலிந்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்பார்கள். அந்தக் கால வியாபாரிக்குத் தரம் பார்க்கத் தெரிந்திருக்கிறது. இந்தக் காலத்துக்காரர்களோ, கறுத்திருந்தால் போலி என்று முடிவுகட்டி, சோடா உப்பும் அலுமினியத் தாளும் போட்டு வெந்நீரில் இறக்கிவிடுகிறார்கள். கந்தகம் பட்டால் வெள்ளி கறுக்கும். அசல் வெள்ளி என்பதால்தான் கறுக்கிறது ஐயா!

கல்லில் சுண்டி ஓசை கேட்பது அதைவிட மோசம். மண்ணில் நெடுங்காலம் கிடந்த வெள்ளி உள்ளுக்குள் நொறுங்கும் பதத்துக்கு வந்திருக்கும். ஓசை மந்தமாக வந்தால் போலி என்று அர்த்தமில்லை, இன்னொரு சுண்டுக்கு இரண்டாக உடைந்துவிடும் என்று அர்த்தம். பத்தரிடம் கொடுத்து உரைகல்லில் உரைப்பதும் வேண்டாம். அவர் சொல்வது உலோகத்தின் மாற்று மட்டும். நேற்று வார்த்த போலியும் நல்ல வெள்ளியாக இருக்கலாம். வார்த்த போலியைக் காட்டிக்கொடுப்பவை விளிம்பில் ஓடும் அச்சுக்கோடும் பரப்பில் குண்டூசி முனை அளவுக் குழிகளும்தான். இரண்டு காசில் ஒரே கீறல் ஒரே இடத்தில் இருந்தால் பேச்சே வேண்டாம். முகம் நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் ஒதுங்கியிருப்பதைப் பார்த்துச் சந்தேகப்படுவோரும் உண்டு. கையால் சம்மட்டி கொண்டு அடித்த காசு அப்படித்தான் இருக்கும்.

தங்கக்காசு விஷயத்தில் ஒரு கெஞ்சல். புதுக்கோட்டையில் 1898இல் கிடைத்த புதையலில் 501 ரோமானியப் பொற்காசுகள் இருந்தன. அவற்றில் பெரும்பாலானவற்றில் பேரரசரின் தலைமேல் வேண்டுமென்றே உளியால் வெட்டியிருக்கிறார்கள். காசாகப் புழங்காமல் வெறும் தங்கமாகக் கருத வேண்டும் என்பதற்காகவே வெட்டினார்கள் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அந்த வெட்டு இங்கே நடந்த வரலாறு. மாலையில் கோப்பதற்காகப் போட்ட துளையும் அப்படியே. ஒருவர் அப்படிப்பட்ட வெட்டைப் பொடி வைத்து ஊதி அடைத்து, மெருகும் போட்டுக் கொண்டுவந்தார். காசும் பாழ், வெட்டும் பாழ். தயவுசெய்து எந்தக் காயத்தையும் ஆற்றாதீர்கள்.

'எவ்வளவு பெறும்' என்று கேட்காமல் யாரும் போவதில்லை. நான்காம் நூற்றாண்டுச் செப்புக்காசுகள் கணக்கு வழக்கில்லாமல் அடிக்கப்பட்டவை. பழசு என்பதாலேயே கோடி கிடைக்காது. வெளிநாட்டுக்கு அனுப்பி விற்கலாம் என்ற ஆசையும் வேண்டாம். நூறாண்டு கடந்த காசு 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள், தனியார் ஏற்றுமதி செய்வது குற்றம்.

கையில் காசு இருந்தால் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். விளிம்பைப் பிடித்துத் தூக்குங்கள். இரண்டு பக்கமும் படம் எடுங்கள். நகைத் தராசில் எடை பாருங்கள், அகஸ்டஸ் வெள்ளிக்காசு சுமார் 3.8 கிராம் இருக்கும். எங்கே கிடைத்தது என்று ஒரு சீட்டில் எழுதுங்கள். பி.வி.சி. உறைகளில் போடாதீர்கள், நாளடைவில் பிசுபிசுவென்று பச்சை கசியும். காகித உறை போதும்.

நிலம் உழும்போதோ வீட்டுக்கு வானம் தோண்டும்போதோ பானையோடு கிடைத்தால் மாவட்ட ஆட்சியரிடம் தெரிவித்தாக வேண்டும். 1878இலிருந்து இருக்கும் புதையல் சட்டம் அது. கூலியாட்களுக்கும் சொந்தக்காரர்களுக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டு, மிச்சத்தை மட்டும் காட்டாதீர்கள். கூட்டத்திலேயே கடைசியாக அடித்த காசு எது என்று பார்த்துத்தான் பானையை எப்போது புதைத்தார்கள் என்று கணிக்கிறோம். அந்த ஒரு காசு யார் சட்டைப்பையில் போனதோ, அதோடு கணக்கும் போய்விடும். உடைந்த ஓட்டுத்துண்டுகளையும் ஒட்டியிருக்கும் மண்ணையும் கழுவாமல் சேர்த்தே ஒப்படையுங்கள்.